கல் பவளத்துக்கு இடம் பார்ப்பது எப்படி?

வீட்டுக் கடல்தொட்டியில் முதல் மீன் ஆறு மாதம் உயிரோடு இருந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரு தைரியம் வந்துவிடும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது கண் மீன்களைத் தாண்டி, நீல விளக்கு எரியும் அந்த ஆழமில்லாத பவளத் தொட்டிகள் பக்கம் ஓடும். நுனி பச்சையாக மின்ன ஆடும் டார்ச், சுத்தியல் தலை மாதிரி கைகளோடு ஹாமர், ஊதாக் கிளையோடு அக்ரோபோரா. இரண்டை வாங்கிப் பையில் தண்ணீரோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, தொட்டி முன்னால் நின்ற பிறகுதான் கேள்வி வரும்: இதை எங்கே வைப்பது?

நான் சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரமுள்ள தொட்டி வைத்திருக்கிறேன். கணக்குக்கு 180 லிட்டர். கல்லும் மணலும் போக 150 லிட்டர் தண்ணீர் நிற்கும். முதல் ஒன்றரை ஆண்டில் என் கையால் செத்த பவளங்களை எண்ணிப் பார்த்தால், நோய் வந்து போனவை கொஞ்சம்தான். பாதிக்கு மேல் தப்பான இடத்தில் வைத்ததால் போனவை. மீதி, சரியான இடத்தில் நன்றாக இருந்தவற்றை நானே எடுத்து எடுத்து மாற்றி வைத்ததால் போனவை. இந்தக் கட்டுரையில் இடத்தைப் பற்றியே அதிகம் பேசப்போவதற்கு அதுதான் காரணம்.

கல்லா, உயிரா?

அம்மா தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தபோது தொட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏல, கல்லுக்கா இத்தனை பாடு?" என்று கேட்டார். அவர் சின்ன வயதில் பவளக் கல் வள்ளங்களில் வந்து இறங்குமாம். காளவாயில் போட்டுச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவார்களாம். அவரைப் பொறுத்தவரை அது கட்டடச் சரக்கு.

அவர் சொன்னதில் பாதி சரி. கையில் எடுத்தால் கனக்கிற பகுதி சுண்ணாம்புக் கல்தான், கால்சியம் கார்பனேட். ஆனால் அந்தக் கல்லின் மேல் மெல்லிய தோல் போல ஓர் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாலிப் என்று பெயர். நடுவில் ஒரு வாய், வாயைச் சுற்றிக் கொட்டும் கைகள்; கடல் சாமந்தியின் சொந்தக்காரர்தான். கடல்நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தன் காலுக்கடியில் கல்லாகப் படியவைத்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டே வளர்கிறது. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தில் சமைக்கும் சர்க்கரையில் பெரும்பகுதியை வீட்டுக்காரருக்கு வாடகையாகத் தந்துவிடும். நாம் பார்க்கும் பழுப்பு நிறம் அந்தப் பாசியுடையது. பச்சையும் ஊதாவும் ஆரஞ்சும் பெரும்பாலும் பவளத்தின் சொந்த நிறமிகள்.

நவரத்தினத்தில் வரும் சிவப்புப் பவளம் வேறு இனம். அது வெளிச்சம் குறைந்த இடங்களில், பாசித் துணையில்லாமல் வளர்வது. இரண்டுக்கும் தமிழில் ஒரே பெயர் இருப்பதால் மோதிரக் கல்லைத் தொட்டியில் வளர்க்க முடியுமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முடியாது.

தொட்டி வளர்ப்பவர்கள் கல் பவளங்களை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். பாலிப் பெரிதாக, சதைப்பிடிப்பாக இருந்தால் எல்பிஎஸ். டார்ச், ஹாமர், ஃப்ராக்ஸ்பான், கேண்டி கேன், ஃபேவியா, மணலில் உட்காரும் ட்ராகிஃபில்லியா எல்லாம் இதில் வரும். பாலிப் குண்டூசித் தலை அளவில் இருந்து, கல்தான் கண்ணுக்கு முதலில் தெரியும் என்றால் எஸ்பிஎஸ். அக்ரோபோரா, மோன்டிபோரா, பேர்ட்ஸ்நெஸ்ட் அந்த வகை. இது அறிவியல் பிரிவு கிடையாது, கடைப் பேச்சு. ஆனால் இடம் பார்க்க இது போதும். பொதுவாக முதல் வகை மிதமான வெளிச்சமும் மெதுவான ஓட்டமும் கேட்கும். இரண்டாம் வகை இரண்டையும் தாராளமாகக் கேட்கும். புதிதாகத் தொடங்குபவர் எல்பிஎஸ்ஸில் தொடங்குவது நல்லது. அக்ரோபோராவைத் தொட்டிக்கு ஒரு வயதாகும் வரை தள்ளிப்போடுங்கள். கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் சரி.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001 முதல் எல்லாக் கல் பவளங்களும் இருக்கின்றன. புலிக்குள்ள அந்தஸ்து. மன்னார் வளைகுடாவில் உயிரோடு இருப்பதைத் தொடுவது மட்டுமில்லை, ராமேஸ்வரம் கரையில் ஒதுங்கிய செத்த துண்டைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோவதும் குற்றம். நாடு விட்டு நாடு கொண்டுபோக, அழியும் ஆபத்துள்ள உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப்படி உரிமத் தாள் வேண்டும். இங்கிருந்து சென்னைக்குப் பெட்டியில் இரண்டு துண்டு போட்டுக்கொண்டு போகலாமா என்று சொந்தக்காரர்கள் என்னைக் கேட்டதுண்டு. கூடவே கூடாது. இங்கேயும், கடலிலிருந்து எடுத்த பவளத்தைவிட யாரோ ஒருவர் தொட்டியில் வளர்த்து நறுக்கிய துண்டையே வாங்குங்கள். ஃப்ராக் என்று கேட்டால் தருவார்கள். அது தொட்டி வாழ்க்கைக்கு ஏற்கெனவே பழகியது, விலையும் குறைவு.

வெளிச்சம்

தொட்டிக்குள் வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல விழாது. விளக்குக்கு நேர் கீழே கொட்டும். ஓரங்களில் பாதியாகும். கல்லின் நிழலில் ஒன்றுமே இருக்காது. நம் கண் இதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் கண் தானாகவே சரிசெய்துகொள்ளும். அதனால்தான் பார் மீட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. பாசிக்குப் பயன்படும் ஒளி ஓரிடத்தில் எவ்வளவு விழுகிறது என்று எண்ணில் காட்டும். (நம் ஊர்க் கடல்காரர்களுக்குப் பார் என்றால் கடலடியில் இருக்கும் பாறைத் திட்டு, முத்துக் குளித்த இடங்களை முத்துப்பார் என்றுதான் சொல்வார்கள். பாரில் வளர்வதற்குப் பார் அளக்கிறோம்.)

நண்பகல் வெயிலில் இந்த எண் 2000 பக்கம் இருக்கும். பெரும்பாலான எல்பிஎஸ்ஸுக்கு 50 முதல் 150 போதும். மோன்டிபோராவுக்கு 150 முதல் 250. அக்ரோபோராவுக்கு 200க்கு மேல் 350 வரை. மீட்டர் விலை அதிகம், சொந்தமாக வாங்கத் தேவையில்லை. வைத்திருப்பவரிடம் ஒரு நாள் இரவல் வாங்கித் தொட்டியைப் படமாக வரைந்து, பத்துப் பதினைந்து இடங்களில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். என் தொட்டியில் மணல் மூலையில் 60, நடுக்கல்லில் 130, உச்சியில் 300. அந்தத் தாளை இன்னும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். விளக்கின் அளவை மாற்றினால் அது செல்லாது என்பது வேறு விஷயம்.

மீட்டர் கிடைக்கவில்லையா? அப்போது கீழிருந்து மேலே போகும் வழிதான். புதிதாக வந்த எதையும் முதலில் மணலில், ஓரமாக வையுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு படி மேலே. குறைந்த வெளிச்சத்தில் பவளம் சாக மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் நீங்கள் கவனித்துவிடலாம். அதிக வெளிச்சத்தில் மூன்று நாளில் வெளுத்துவிடும். வெளிச்சம் போதாதபோது நிறம் மங்கிப் பழுப்பாகும், அல்லது சதை விளக்குப் பக்கம் நீண்டு எட்டிப் பார்க்கும். அதிகமானால் நிறம் வெளிறும், சதை கல்லோடு ஒட்டிச் சுருங்கும். விளக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் எரிந்தால் போதும். நாம் வேலையிலிருந்து வந்து பார்ப்பதற்காக நள்ளிரவு வரை எரியவிடும் பழக்கம் எனக்கும் இருந்தது. விளக்கு நேரத்தையே மதியம் தொடங்கி இரவு பத்துக்கு முடியும்படி நகர்த்தியதில் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

ஓட்டம்

கடலில் ஒரு பவளத்தின்மேல் தண்ணீர் சும்மா நிற்பதே இல்லை. போகும், வரும், சுழலும். நகர முடியாத உயிருக்கு மூச்சும் சோறும் கொண்டுவருவதும், அது கக்கும் சளியையும் கழிவையும் அள்ளிக்கொண்டு போவதும் அந்த அசைவுதான். தொட்டியில் அதை வேவ்மேக்கர் என்ற, தண்ணீரைத் தள்ளும் சிறு விசிறி செய்கிறது.

எவ்வளவு வேகம் என்று எண்ணில் சொல்வதைவிடக் கண்ணால் பார்ப்பது எளிது. வயலில் இளங்காற்றுக்கு நெற்பயிர் அசைவது போல டார்ச்சின் கைகள் அசைந்தால் சரியான இடம். புயலில் தென்னை ஓலை போல எல்லாக் கைகளும் ஒரே பக்கம் படிந்து கிடந்தால் அது ஆபத்து. அந்தச் சதைக்கு அடியில் கத்தி முனை போன்ற கல் விளிம்புகள் இருக்கின்றன. ஓயாமல் அடிக்கும் ஓட்டத்தில் சதை அந்த விளிம்பில் உரசிக் கிழியும்; கிழிந்த இடத்தில் அழுகல் தொடங்கும். கைகள் அசையவே இல்லை என்றால் ஓட்டம் போதாது.

எஸ்பிஎஸ்ஸில் அசைந்து காட்ட ஒன்றும் பெரிதாக இல்லை. அங்கே வேறு சோதனை. உறைய வைத்த இரால் உணவை ஒரு சிட்டிகை கரைத்து, அக்ரோபோராவுக்கு மேலே விடுங்கள். துகள்கள் கிளைகளுக்குள் நுழைந்து சுற்றி வெளியேறினால் நல்லது. ஏதாவது ஒரு கவட்டில் போய்ப் படிந்து உட்கார்ந்தால், நாளைக்கு அழுகல் தொடங்கும் இடமும் அதுதான். ஓட்டம் ஒரே திசையில் பீய்ச்சி அடிக்கக் கூடாது. இரண்டு வேவ்மேக்கர்களை எதிரெதிரே வைத்து, நடுவில் மோதிக் குழம்பவிடுவது பழைய வழி, இன்றும் நன்றாக வேலை செய்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர்

தொடக்கத்தில் எனக்கு யாரும் சரியாகச் சொல்லித் தராத பகுதி இதுதான்.

பகலில் அமைதியாகப் பூப்போல இருக்கும் பவளம் ராத்திரியில் சண்டைக்காரன். எனக்கு இது தெரிந்தது ஒரு காலாக்சியா வழியாக. நட்சத்திர நட்சத்திரமாக, வெள்ளை நுனியோடு, பார்க்க அவ்வளவு சாது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு ஃபேவியா. ஒரு சாண் போதும் என்று நினைத்தேன். இரண்டு வாரத்தில் ஃபேவியாவின் ஒரு பக்கம் மட்டும் வெள்ளைத் திட்டு. தோல் போய்க் கல் தெரிகிறது. காரணம் புரியவில்லை. தண்ணீரைச் சோதித்தேன், மாற்றினேன். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது கைவிளக்கை அடித்துப் பார்த்தால், காலாக்சியாவிலிருந்து கண்ணாடி இழை மாதிரி ஏழெட்டு நூல்கள் நீண்டு, ஓட்டத்தில் மிதந்து, நேராக ஃபேவியாவின்மேல் போய் விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு வெள்ளைப் பொட்டு. அந்தப் பொட்டு முழுக்கக் கொட்டும் செல்கள்.

துழாவும் கைகள் என்று வைத்துக்கொள்ளலாம். காலாக்சியாவுக்கு இவை 30 செ.மீ. வரைகூட நீளும். டார்ச்சுக்கும் நீளம் உண்டு. ஆகவே எல்பிஎஸ்களுக்கு நடுவே குறைந்தது 15 செ.மீ. விடுங்கள், காலாக்சியா வாங்குவதாக இருந்தால் தொட்டியின் ஒரு முனையைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று: ஓட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் துழாவும் கை அதிகம் எட்டும். ஓட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் இருப்பவருக்கு இடைவெளி கூடுதலாக வேண்டும். என் ஃபேவியா இருந்தது சரியாக அங்கேதான்.

கை நீட்டாமல் குடலை வெளியே நீட்டிப் பக்கத்துக்காரரைச் செரித்துவிடும் பவளங்களும் இருக்கின்றன. ஃபேவியா வகையே அதில் கெட்டி. காலாக்சியாவிடம் தோற்றது பாவம். ஒரே இனத்துக்குள் பொதுவாகச் சமாதானம். டார்ச்சுக்குப் பக்கத்தில் டார்ச், ஹாமருக்குப் பக்கத்தில் ஹாமர் உரசிக்கொண்டு இருக்கலாம். ஹாமரும் ஃப்ராக்ஸ்பானும்கூடப் பெரும்பாலும் ஒத்துப்போகும். டார்ச்சை மட்டும் அந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள்.

வளர்ச்சியையும் இப்போதே நினைக்க வேண்டும். கடலில் கிளை விடும் அக்ரோபோரா ஆண்டுக்கு 10 செ.மீ.கூட நீளும். உருண்டையாக வளரும் போரைட்டிஸ் ஒரு செ.மீ. ஏறினாலே அதிகம். கட்டைவிரல் அளவு துண்டை இன்று வைக்கும்போது, இரண்டு வருடம் கழித்து அது தேங்காய் அளவு ஆகும், அதன் நிழல் யார்மேல் விழும் என்று யோசியுங்கள். தட்டாகப் பரவும் மோன்டிபோரா கீழே இருப்பவர்களின் வெளிச்சத்தை மறைத்துவிடும். கல்லோடு கல்லாகப் படரும் வகையைப் பெரிய பாறையில் ஒட்டினால் ஒரு நாள் பாறை முழுவதும் அதனுடையதாகும். மணலில் தனிக்கல் ஒன்றைத் தீவு போலப் போட்டு அதில் ஒட்டுங்கள்.

மொத்தத்தில் என் தொட்டியின் இட ஒதுக்கீடு இப்படி. மணலில் ட்ராகிஃபில்லியாவும், ஒற்றைப் பாலிப்பாக வட்டமாக இருக்கும் ஃபங்கியாவும். இவை இரண்டையும் பாறைமேல் வைக்காதீர்கள், உப்பிச் சுருங்கும்போது சதை கிழியும். ஃபங்கியா உடம்பை உப்ப வைத்து மெல்ல நகரவும் செய்யும், காலையில் எழுந்து பார்த்தால் நான்கு விரல் தள்ளி இருக்கும். பாறையின் கீழ்ப்படியில் கேண்டி கேன். நடுவில், ஓட்டம் நேராக அடிக்காத மடிப்பில் ஹாமரும் எதிர்முனையில் டார்ச்சும். அதற்கு மேல் மோன்டிபோரா. உச்சியில் அக்ரோபோரா.

ஒட்டுவது

புதிய துண்டை முதலில் பூச்சி நீக்கும் கரைசலில் குறிப்பிட்ட நிமிடங்கள் முக்கி எடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு மோன்டிபோராவைத் தின்னும் ஓடில்லாத நத்தையைத் தொட்டிக்குள் விட்டவர்கள் மாதக்கணக்கில் அழுவதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் மணலில் பழக்கம். இடம் முடிவானதும் ஒட்டு.

ஒட்டுவதற்கு சூப்பர் க்ளூ ஜெல் போதும். நீர்த்த வகை வேண்டாம், ஜெல்லேதான். வேவ்மேக்கரை நிறுத்துங்கள். துண்டின் அடியைத் துணியால் ஒற்றி ஈரம் எடுத்து, புளியங்கொட்டை அளவு ஜெல் வையுங்கள். பாறையில் அந்த இடத்தை முன்பே பழைய பல் துலக்கியால் தேய்த்துப் பாசி நீக்கியிருக்க வேண்டும். தண்ணீருக்குள் கொண்டுபோனதும் ஜெல்மேல் வெள்ளையாக ஓர் ஏடு கட்டும். அப்படியே வைத்தால் ஏடுதான் பாறையில் படும், ஒட்டாது. அழுத்தி, கால் சுற்று இடமும் வலமும் திருகினால் ஏடு உடைந்து உள்ளிருக்கும் பசை பாறையைப் பிடிக்கும். ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். கனமான துண்டானால் எபாக்சிக் களியை நடுவில் வைத்து அதன் இரு பக்கமும் ஜெல். ஒட்டாமல் சும்மா செருகி வைத்தால் நத்தையோ முள்ளெலி போன்ற கடல் முள்ளியோ இரவில் தள்ளிவிடும். விழுந்தது மணலில் விழாது, டார்ச்சின் மடியில்தான் விழும்.

ஒட்டிய பிறகு கையை வெளியே எடுங்கள். முதல் வாரம் சுருங்கித்தான் இருக்கும். சுருங்குகிறதே என்று எடுத்து வேறிடத்தில் வைத்தால் பழகியதெல்லாம் முதலிலிருந்து. உண்மையாகவே இடம் தப்பு என்று தெரிந்தால் மாற்றுங்கள், ஆனால் ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு மூன்று வாரம் விடுங்கள்.

தண்ணீர்க் கணக்கு

உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது ஒப்படர்த்தி 1.026. வெப்பம் 25 முதல் 26 டிகிரி. கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், மக்னீசியம் 1300 சுற்று. நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1. இந்தக் கடைசி இரண்டையும் பூஜ்யமாக்கப் பாடுபடாதீர்கள், பவளம் பட்டினியால் வெளிறும். ஆவியாகிக் குறைவதை உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால் மட்டும் ஈடுசெய்யுங்கள். உப்பு ஆவியாகாது, தண்ணீர்தான் போகிறது. குழாய்த் தண்ணீர் நேராக வேண்டாம். சிங்கப்பூரில் அதில் குளோரமைன் இருக்கிறது.

இவையெல்லாம் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். நான் விடாமல் பார்ப்பது ஒன்றே ஒன்று, ஆல்கலினிட்டி. டிகேஎச் என்ற அளவில் சொல்வார்கள். பவளம் கல் கட்ட எடுக்கும் கார்பனேட் எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்பதை இது காட்டும். கடலில் 7 பக்கம் இருக்கும். தொட்டியில் 8 முதல் 9 வசதி. கால்சியம் தண்ணீரில் நிறையக் கிடப்பதால் மெதுவாகத்தான் குறையும். ஆல்கலினிட்டி சில்லறைக் காசு மாதிரி, சீக்கிரம் கரைந்துவிடும். கணக்கு இது: பவளம் 2.8 டிகேஎச் தின்னும்போது கால்சியம் 20 பிபிஎம்தான் குறைகிறது.

என்னிடம் உள்ள சோதனைப் பெட்டியில் 5 மில்லி தொட்டி நீரில் சொட்டு மருந்து விட வேண்டும். முதல் சொட்டில் நீலமாகும். நீலம் மஞ்சளாகும் வரை விட்ட சொட்டுகளின் எண்ணிக்கைதான் டிகேஎச். 10 மில்லி எடுத்தால் ஒவ்வொரு சொட்டும் அரை; இன்னும் நுணுக்கமாகத் தெரியும். ஞாயிறு 8.5, புதன் 7.5 என்றால் மூன்று நாளில் 1 குறைந்திருக்கிறது. 100 லிட்டர் தண்ணீரில் 1 டிகேஎச் ஏற்றச் சமையல் சோடா 3 கிராம் வேண்டும். என் 150 லிட்டருக்கு மூன்று நாளைக்கு நாலரை கிராம், ஆக நாளொன்றுக்கு ஒன்றரை கிராம். ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, ஓட்டம் இருக்கும் இடத்தில் மெதுவாக ஊற்றினால் முடிந்தது.

நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக என்பதை நான் கேட்கவில்லை. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய ஒரு நாள் சோதித்தால் 6.5. பதற்றத்தில் 9 வரை ஏற்ற வேண்டிய சோடாவை ஒரே மூச்சில் கொட்டினேன். இரண்டு நாளில் அக்ரோபோராவின் நுனிகள் எல்லாம் தீய்ந்த திரி போல வெள்ளையாகி, ஒரு வாரத்தில் பாதிக் கிளை போய்விட்டது. 6.5இல் அது உயிரோடுதான் இருந்தது. ஒரு நாளைக்கு 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள். நான் இப்போது அரைக்கு மேல் ஏற்றுவதில்லை. 7.5இல் நிலையாக நிற்கும் தொட்டி, 7க்கும் 10க்கும் நடுவே ஊசலாடும் தொட்டியைவிட எவ்வளவோ மேல்.

பவளம் நிறைய ஆனபின் கால்சியத்தையும் சேர்த்தே கொடுக்க ஒரு பழைய வழி உண்டு. கால்க்வாஸர் என்பார்கள், ஜெர்மன் சொல், பொருள் சுண்ணாம்புத் தண்ணீர். சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடை ஆர்ஓ தண்ணீரில் கலக்கி, தெளிய வைத்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஆவி ஈடுசெய்யும் நீரோடு சொட்டுச் சொட்டாக இரவில் விடுவது. பிஎச் 12ஐத் தாண்டும் காரம், கையில் பட்டால் எரியும், மொத்தமாகக் கொட்டினால் தொட்டி போய்விடும். இதை அம்மாவிடம் காட்டியபோது சிரித்தார். அவர் பார்த்த காளவாயில் பவளக் கல்லைச் சுட்டு, நீர் தெளித்துத் தாளித்து எடுத்ததும் இதே பொருள்தான்; அதைத் தெளியவைத்துப் பவளத்துக்கே திருப்பிக் கொடுக்கிறேன். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றலாமா என்று கேட்டார். வேண்டாம், அதில் வேறு என்ன கலந்திருக்கிறதோ.

வெப்பம் நம் மாதிரி ஊர்களில் தனிச் செலவு. அறை 30 டிகிரி, தொட்டி 26. காற்றாடியை நீர்ப்பரப்பில் அடிக்கவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும் என்பார்கள். புழுக்கமான நாளில் அவ்வளவு இறங்குவதில்லை. தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வாங்கியே தீர வேண்டியிருந்தது. கடலில் கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நின்றாலே பவளங்கள் தம் பாசியைத் துப்பி வெளுத்துவிடுகின்றன. உலகளாவிய நான்காவது வெளுப்பு நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்களே, அது இதுதான். தொட்டியில் நடப்பது அதன் குட்டி வடிவம்.

உணவு பெரிய விஷயம் இல்லை. எல்பிஎஸ்ஸுக்கு வாரம் ஒன்றிரண்டு முறை, விளக்கு மங்கியதும், ஓட்டத்தை நிறுத்திவிட்டு, சிறு துண்டு மைசிஸ் இரால். மீன் வந்து பிடுங்கிக்கொண்டு போகும். கொஞ்சம் காவல் இருங்கள்.

கெட்டுப்போகும்போது

எல்பிஎஸ்ஸின் ஒரு தலையில், அதாவது ஒரு பாலிப்பில், பழுப்பாகக் கூழ் போல ஒழுகினால் அது தொற்றும். ஓட்டத்தை நிறுத்தி, சின்னக் குழாயால் கூழை உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்தத் தலையை வெட்டி வெளியே போடுங்கள். தொடாமல் விட்டால் அடுத்த தலைக்குப் போகும். எஸ்பிஎஸ்ஸில் அடியிலிருந்து மெல்ல வெள்ளை ஏறி வந்தால் வெளிச்சம், ஓட்டம், ஆல்கலினிட்டி மூன்றையும் பார்க்க நேரம் இருக்கிறது. ஒரே நாளில் தோல் உரிந்து கொட்ட ஆரம்பித்தால் நேரம் இல்லை. இன்னும் நிறம் இருக்கும் நுனிகளை, வெள்ளைக் கோட்டிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி இடுக்கியால் உடைத்து, தனித்தனிக் கல்லில் ஒட்டிவிட வேண்டியதுதான்.

சோடா கொட்டிய அந்த அக்ரோபோராவில் கடைசியாக நான் உடைத்துக் காப்பாற்றியது மூன்று நுனிகள். இரண்டு போய்விட்டன. மூன்றாவது, சுண்டுவிரல் நுனி அளவில் இருந்தது, இப்போது காபி டம்ளர் அகலம் ஆகி மோன்டிபோராவைத் தொடப் பார்க்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கக் கிளையை நறுக்க வேண்டும்.